அப்பா மடித்துவைத்த வெள்ளை உடுப்பு

முதலில் அந்த ஃபிளெக்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் என் வயிற்றெரிச்சல் அடங்காது.

திருமங்கலம் தாண்டி எங்கள் ஊருக்குப் பிரியும் முக்கில், டீக்கடைக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்துக்கு என் அப்பாவின் படம் நின்றது. முகம் அப்பாவுடையது. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ. பச்சைத் திட்டு போட்ட ராணுவ உடுப்பு, கையில் நீளத் துப்பாக்கி, முதுகுக்குப் பின்னால் பனிமலை. என் அப்பா கப்பற்படையில் இருந்தவர். எழுபத்தொன்றாம் வருடப் போரில் மேற்குக் கடலில் கப்பலோடு முழுகிப்போனவர். அவரைக் கொண்டுபோய் மலை உச்சியில் நிறுத்தியிருந்தார்கள். கீழே பங்காளிகள் எல்லோரும் கைகூப்பியபடி வரிசையாக இருந்தார்கள். அவர்கள் முகமெல்லாம் நல்ல தெளிவாக விழுந்திருந்தது.

வாடகைக் காரில் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஆபரேஷன் முடிந்தும் தூரத்தில் இருப்பது அவளுக்குச் சரியாகத் தெரியாது. "யாரு பாப்பா அது, இம்புட்டுப் பெருசா?" என்று கேட்டாள்.

"எவனோ கட்சிக்காரன்மா," என்றேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் முறைத்ததும் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

அன்றைக்கு மாசி மாதச் சிவராத்திரி. குலசாமி கோயிலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். சாமி கும்பிட மட்டும் போகவில்லை. பத்து நாளைக்கு முன்னால் சித்தப்பா வாங்கிக்கொண்டு போயிருந்த அப்பாவின் பெட்டியைத் திரும்ப எடுத்துவரப் போனோம்.

அந்தப் பெட்டி என்னவென்று சொல்ல வேண்டும். கறுப்புப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. கப்பல் போருக்குக் கிளம்பும்போது அப்பா கரையில் விட்டுவிட்டுப் போனது. அம்மா அப்போது என்னை வயிற்றில் வைத்திருந்தாள். முதலில் தந்தி வந்தது, பிறகு பெட்டி வந்தது, பிறகு நான் வந்தேன். அப்பா மட்டும் வரவில்லை.

உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. கறுப்பு ரிப்பன் சுற்றிய வெள்ளைத் தொப்பி. பாதி தேய்ந்த சோப்பு, இப்போது காய்ந்து வெடித்துக் கல்லாகிவிட்டது. ஷூவுக்குப் பாலிஷ் போடும் பிரஷ். பம்பாயில் எடுத்த ஒரு போட்டோ. அப்புறம் ஒரு ஜோடி வெள்ளை உடுப்பு, சட்டையும் கால்சட்டையும். சட்டைக்கு முதுகுப் பக்கம் விழுகிற நீலக் காலர். கால்சட்டை கீழே அகன்றது. அதை நாம் மடிக்கிற மாதிரி நீளவாக்கில் மடிக்க மாட்டார்களாம். உட்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டு, குறுக்கே, காகித விசிறி மடிக்கிற மாதிரி ஏழு மடிப்பு மடிப்பார்களாம். கப்பலில் இடம் கிடையாது, இஸ்திரி போட வழி கிடையாது, அதனால் இப்படி. லீவில் வந்தபோது அப்பா அம்மாவை உட்காரவைத்து மடித்துக் காட்டியிருக்கிறார். மடித்த உடுப்பை மெல்லிய வெள்ளைக் கயிற்றால் ஒரு கட்டுக் கட்டியிருந்தார். பெட்டி வந்தபோது அந்தக் கட்டு அப்படியே இருந்தது.

அம்மா அந்த முடிச்சை அவிழ்க்கவே இல்லை. என் வயசு அத்தனையும் அது அவிழாமல் இருந்தது. "அவுக கை மடிச்சது. நான் எதுக்குப் பிரிக்கணும்?" என்பாள். வருஷா வருஷம் தை வெயிலில், தலைக்கு எண்ணெய் வைக்காத ஒரு நாளாகப் பார்த்து, கையைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, பெட்டியைத் திறப்பாள். கட்டை அப்படியே தூக்கி நிழலில் கயிற்றுக்கட்டிலில் வைப்பாள். நேர் வெயில் பட விடமாட்டாள், வெள்ளை பழுத்துவிடும் என்று. அந்துருண்டை வைக்க மாட்டாள், துணி வாடை மாறிவிடும் என்று. நிழலில் காய்ந்த வேப்பிலை, தட்டி உடைத்த வசம்பு, நைந்த பழைய வேட்டித் துணி, இவ்வளவுதான் அவள் மருந்து. பேப்பர் சுற்றினால் மை ஒட்டும் என்று அதுவும் கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒரு பூச்சி அரித்ததில்லை.

எதற்காக இப்படிப் பொத்திப் பொத்தி வைத்தாள் என்று ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் கல்யாணமாகிப் போகும்போதே சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு உடம்பு கிடைக்கவில்லை. அதனால் குளிப்பாட்டவில்லை, தூக்கவில்லை, கொள்ளி வைக்கவில்லை. அந்தக் கட்டுதான் அவர் உடம்பு. அம்மா போகும் அன்றைக்கு அதை அவிழ்க்காமல் அவள் மார்பில் வைத்து, ஒரே தீயில் இரண்டு பேரையும் அனுப்ப வேண்டும். அதுதான் அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம். வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

தந்தி வந்த வாரம் ஊரே திரண்டு வந்து தாலியைக் கழற்றச் சொன்னது. "உடம்பக் காட்டுங்க, கழட்டுறேன்," என்றாளாம். காட்ட முடியவில்லை. கருமாதி செய்யவும் அவள் விடவில்லை. அதற்காக அவளை என்ன பாடு படுத்தினார்கள்! கல்யாண வீட்டில் குங்குமத் தட்டு அவள் வரைக்கும் வந்து, அவளைத் தாண்டிப் போகும். பொட்டு வைத்துக்கொண்டு திரிகிறாள் என்று ஒரு கூட்டம் பேசும். புருஷன் வந்துவிடுவான் என்று நம்பிக்கொண்டிருக்கிற பைத்தியம் என்று இன்னொரு கூட்டம் பேசும். அவள் அப்படி நம்பவே இல்லை. கடலுக்குள் போனவர் வரமாட்டார் என்பது அவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். இவர்கள் சொல்கிற நேரத்தில், இவர்கள் சொல்கிற மாதிரி அவரை அனுப்ப மாட்டேன் என்றாள், அவ்வளவுதான். கண்மாயைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காத ஊருக்கு இது புரியவில்லை. புரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டியதுதானே.

என்னைப் பெற்ற பிறகு அம்மா மதுரைக்கு வந்துவிட்டாள். இப்போது நானும் அவளும் நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறோம். நான் வாடிப்பட்டியில் பத்திரம் பதிகிற ஆபீஸில் வேலை பார்க்கிறேன். தினமும் அண்ணன் தம்பி பாகச் சண்டையைப் பார்த்துப் பார்த்து எனக்கு வாய் நீண்டுவிட்டது என்பாள் அம்மா. நீண்டதுதான். இல்லையென்றால் இவர்களோடு எப்படிக் காலம் தள்ளுவது.

அப்படியிருக்கும்போதுதான் சித்தப்பா வந்தார். அப்பாவின் ஒரே தம்பி. அப்பா போனபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவருக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை.

"மதினி, எனக்கு ஸ்டென்ட் வச்சாச்சு. இன்னும் எம்புட்டு நாளோ. நான் போறதுக்குள்ள அண்ணன ஒரு எடத்துல உக்கார வச்சிரணும்," என்றார்.

விஷயம் இதுதான். குலசாமி கோயிலில் புது மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து அப்பாவின் உடுப்பை அதற்குள் வைக்க வேண்டும். எங்கள் பக்கம் வயசுக்கு முன்னால் போனவர்களை வீட்டுச்சாமியாக நினைத்துத் துணி வைத்துக் கும்பிடுவார்கள். அப்பாவுக்கு மட்டும் அது இல்லை, கருமாதி ஆகவில்லையே.

"அதெல்லாம் நடக்காது சித்தப்பா," என்றேன் நான். "அது அம்மாவோட போக வேண்டியது. கண்ணாடிக்குள்ள போக வேண்டியதில்ல."

"பாப்பா, நீ சும்மா இரு," என்றாள் அம்மா. சித்தப்பாவைப் பார்த்தே இருந்தாள். பிறகு, "கண்ணாடியெல்லாம் வேணாம் தம்பி. சிவராத்திரிக்கு சாமி முன்னாடி வச்சுக் கும்பிட்டுக்க. மறுநாள் எனக்கு வந்துரணும்," என்றாள். "முடிச்ச அவுக்கக் கூடாது. தண்ணி படக் கூடாது. சந்தனம் குங்குமம் ஒண்ணும் தெளிக்கக் கூடாது."

"உன் காலத் தொட்டுச் சொல்றேன் மதினி," என்று நிஜமாகவே குனிந்தார்.

அவர் போன பிறகு நான் குதித்தேன். இவர்களை நம்பி எப்படிக் கொடுக்கலாம் என்றேன். அம்மா காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அவனுக்கும் அண்ணந்தேன்," என்றாள். அதற்கு மேல் பேச விடவில்லை. இருந்தும் எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் என்று சொன்னதை, அன்றைக்கே கும்பிட்டு முடித்ததும் கையோடு வாங்கிவந்துவிடலாம் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்து, சிவராத்திரி அன்று மத்தியானமே காரைப் பிடித்தேன்.

அப்படித்தான் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்தது. கோயில் வாசலில் இறங்கியதும் சித்தப்பா மகன் ஓடிவந்தான். நாற்பது வயசு ஆள், திருமங்கலத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறான். அம்மாவைக் கைத்தாங்கலாக மண்டபத்தில் உட்காரவைத்துவிட்டு அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னடா படம் அது?"

"சூப்பரா இருக்குல்லக்கா? டிசைன் பண்ற பயகிட்ட ரெண்டு நாள் உக்காந்து வாங்குனேன்."

"கப்பல் எங்கடா?"

"கப்பல் வச்சா பொம்ம மாதிரி இருக்குக்கா. துப்பாக்கி வச்சாத்தேன் கெத்து. பாக்குறவுகளுக்கு வீரர்னு ஒடனே புரியணும்ல."

இவனை என்ன செய்வது. கொல்லவும் முடியாது. என் அப்பா துப்பாக்கி தூக்கியதில்லை, என்ஜின் ரூமில் வேலை பார்த்தவர், வெக்கையில் வெந்து தண்ணீரில் போனவர். அதைச் சொன்னால் கெத்து இல்லையாம். "மொதல்ல போய் அதக் கழட்டு," என்றேன். "நாளைக்குக் கழட்டுறோம்கா," என்றான். நாளைக்குக் கழற்றுகிற ஆளைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா.

"பெட்டி எங்க?" என்றேன்.

அவன் முகம் மாறியது. "அப்பாட்டக் கேளுக்கா," என்று நழுவப் பார்த்தான். அவன் கண் போன திசையில் நானும் பார்த்தேன்.

கோயிலுக்குப் பின்னால் கிணற்றடி. அங்கே இரண்டு வேப்பமரத்துக்கு நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் ஒரு சட்டையும் ஒரு கால்சட்டையும் தொங்கின. மஞ்சள். அடி முதல் நுனி வரை மஞ்சள். எனக்கு முதலில் புரியவே இல்லை. சாமியாடி உடுப்போ என்னவோ என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தக் காலரைப் பார்த்தேன். நீலம் பச்சையாகிப்போயிருந்தது. கால்சட்டையின் கீழ்ப்பக்கம் அகலமாக விரிந்து காற்றில் ஆடியது. மடிப்பு ஒன்றுகூட இல்லை. ஏழில் ஒன்றுகூட இல்லை.

சித்தப்பா கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"பூசாரி சொல்லிப்புட்டாரு ஆத்தா," என்று ஆரம்பித்தார். "கருமாதி ஆகல, தீட்டுக் கழியல, அப்படியே சாமி முன்னாடி வைக்கக் கூடாதுன்னாரு. மஞ்சத்தண்ணி ஊத்திட்டா தீட்டுப் போயிரும்னாரு. பங்காளிக அம்புட்டுப் பேரும் நிக்கிறாக. நான் என்ன செய்ய?"

"முடிச்சு?"

கையை மடிக்குக் கொண்டுபோனார்.

"முடிச்சு எங்க சித்தப்பா?"

மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். வெள்ளைக் கயிறு, இரண்டு துண்டாக. அவிழ்க்கப் பார்த்தார்களாம், அவிழவில்லையாம். பூசாரி அரிவாளால் அறுத்துவிட்டாராம்.

நான் என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அம்மாவின் காலைத் தொட்டுச் சொன்ன வாய்தானே என்று கேட்டேன். அப்பா உயிரோடு இருந்தபோது ஊருக்கு வராத தீட்டு, தாலியோடு அவள் கல்யாண வீட்டுக்கு வந்தால் மட்டும் வருகிற தீட்டு, ஒரு மடித்த துணியில் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரு பொம்பளை தலையில் எண்ணெய்கூட வைக்காமல் தொட்ட துணியை ஒரு மத்தியானத்தில் சாம்பார் போல ஆக்கிவிட்டீர்களே என்றேன். பங்காளிகள் கூடிவிட்டார்கள். பெரியவர் ஒருவர், "பொம்பளப்புள்ள இம்புட்டுச் சத்தம் போடக் கூடாது, சாமி இருக்குற எடம்," என்றார். சாமி எங்கே இருக்கிறது என்று அவரிடமும் கேட்டேன். எனக்கு இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்க மனசில்லை.

சித்தப்பா அழுதார். "நான் என் அண்ணனுக்கு ஒண்ணுமே செய்யல ஆத்தா," என்றார். "மொட்ட போடல, ஒரு சொம்புத் தண்ணி ஊத்தல. எங்கப்பனுக்குச் செஞ்சேன், ஆத்தாளுக்குச் செஞ்சேன், கூடப் பொறந்தவனுக்குச் செய்யல. பூசாரிய ஊத்த விடல. நாந்தேன் எறச்சேன், நாந்தேன் ஊத்துனேன்."

அது எனக்குக் கேட்கத்தான் செய்தது. இரக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் ஆசைக்கு அம்மாவின் உயிரையா கேட்பது என்றுதான் மேலும் எரிந்தது.

கூட்டம் விலகியது. அம்மா வந்துகொண்டிருந்தாள். யார் கையையும் பிடிக்காமல், தரையைப் பார்த்து மெதுவாக வந்தாள். கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தூரத்தில் தெரியாத கண்ணுக்கு இது தெரிந்தது. கால்சட்டையின் விளிம்பைக் கையில் எடுத்தாள். பிழிந்து பார்த்தாள். மஞ்சள் தண்ணீர் அவள் விரலில் வழிந்தது.

"யாரு தண்ணி எடுத்தது?" என்றாள்.

"நாந்தேன் மதினி."

"தலையில வச்சா தூக்கியாந்த?"

"ஆமா மதினி. மூணு கொடம்."

அம்மா தலையை ஆட்டினாள். எனக்கு அவள் எதைக் கேட்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் சாவு வீட்டில் நீர்மாலை என்று ஒன்று உண்டு. உடம்பைத் தூக்குவதற்கு முன்னால் உடன்பிறந்தவனோ மகனோ போய்த் தலையில் தண்ணீர் சுமந்து வந்து அதைக் குளிப்பாட்டுவார்கள். சித்தப்பாவுக்கும் அது அந்த நொடியில்தான் தோன்றியிருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டார்.

பூசாரி முன்னால் வந்தார். "அப்ப நல்லதாப் போச்சு தாயி. குளிப்பாட்டியாச்சுன்னா வச்சிருக்கக் கூடாது. இன்னைக்கே எடுத்துருவோம். செய்ய வேண்டியத எல்லாம் மொறையாச் செஞ்சு, தாலியவும்—"

"தொட்டுப் பாருங்க," என்றேன் நான். அவர் இரண்டடி பின்னால் போனார்.

அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கயிற்றிலிருந்து ஈரத் துணியை எடுத்தாள். கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து, கால்சட்டையை உட்புறம் வெளியே வரத் திருப்பினாள். மடியில் போட்டுக் குறுக்கே மடித்தாள். ஒன்று, அதன்மேல் மாற்றி ஒன்று. ஒரே ஒரு தடவை அப்பா காட்டியது. இத்தனை வருஷம் பிரிக்காமல் பார்த்தே மனப்பாடம் பண்ணியிருக்கிறாள். ஏழும் சரியாக வந்தது. சட்டையை அதன்மேல் வைத்தாள். சித்தப்பாவிடம் கையை நீட்டினாள். அவர் இரண்டு துண்டுக் கயிற்றையும் கொடுத்தார். அதை ஒன்றாகச் சேர்த்து, தனக்குத் தெரிந்த சாதாரண முடிச்சைப் போட்டாள்.

"அழுகாத தம்பி," என்றாள். "கூடப் பொறந்தவன் ஊத்த வேண்டிய தண்ணி. ஊத்திப்புட்ட. அவருக்குக் குளியல் முடிஞ்சிருச்சு. இனி எனக்குத்தேன் பாக்கி."

பிறகு என்னைப் பார்த்து, "காரக் கூப்புடு பாப்பா. நனஞ்ச துணி, வீட்டுல போயி நெழல்ல போடணும்," என்றாள்.

திரும்பி வரும்போது முக்கில் அந்தப் படத்தைக் கடந்தோம். பனிமலையில் என் அப்பா துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தார். அம்மா மடியில் அவர் ஈரமாக இருந்தார். அவள் சேலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. நான் வீடு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சித்தப்பா பிறகு இரண்டு மூன்று தடவை போன் பண்ணினார். அம்மா பேசினாள். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். நான் பேசவில்லை. துணி மஞ்சளானதற்கல்ல, அதுகூடப் போகட்டும். கயிற்றை அறுத்ததற்குமல்ல. அந்த "இனி எனக்குத்தேன் பாக்கி" என்பதற்காக. கிண்ணென்று இருந்த மனுஷியைக் கிளம்பத் தயாராக உட்காரவைத்துவிட்டார்கள் இல்லையா, அதற்காக.

இந்தத் தை வந்தது. அம்மா பெட்டியைத் திறக்கவில்லை. வசம்பு வாங்கிவரச் சொல்லவும் இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நானே நாட்டு மருந்துக் கடைக்குப் போய், வருஷா வருஷம் வாங்குவதைப் போல இரண்டு மடங்கு வாங்கி வந்தேன். தலைக்கு எண்ணெய் வைக்காமல், கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து வேப்பிலையை மாற்றினேன். வசம்பைத் தட்டித் தட்டிப் போட்டேன். அந்தச் சத்தத்தில் அம்மா எழுந்து வந்து பார்த்தாள்.

"எதுக்குடி இம்புட்டு?" என்றாள்.

"இன்னும் ரொம்ப வருசம் இருக்க வேண்டிய துணிம்மா," என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.